மனமுவந்து

“மனமுவந்து தம் உயிரைத் தந்த எங்கள் ஊரின் மைந்தர்கள்” என்று எடித் உரக்க வாசித்து முடித்தபோது, சமையலறைத் தரைக்குக் கீழிருந்து யாரோ தட்டினார்கள்.

அடங்கிய, கனமான சத்தம். உள்ளங்கையால் இரும்பில் அடித்ததுபோல இருந்தது. எடித் தாளைப் பிடித்தபடியே தரையைப் பார்த்தாள். வெளியே வாடைக்காற்று பனைகளின் காய்ந்த ஓலைகளை ஒன்றோடொன்று உரசவிட்டுக்கொண்டிருந்தது. அரிப்புக் கிராமத்தின் கடல் காலையிலிருந்தே இரைந்துகொண்டிருந்தது. மழைக்கு முந்திய அந்தப் பிற்பகல் இருட்டில், அடுப்படியில் சுருண்டு கிடந்த பூனை எழும்பி, அவசரப்படாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்துபோனது.

இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு கட்டிய வீடு அது. தரைக்குக் கீழே மணலைத் தவிர வேறொன்றும் கிடையாது. அந்த மணலை அவளே தலையில் சுமந்து கொட்டியிருந்தாள்.

காற்றுக்கு ஏதோ விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். மறுபடி தட்டினார்கள். வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமைத் திருப்பாடலை எடுத்து முழுவதும் வாசித்துப் பார்த்தாள். அமைதி. அந்த வசனத்துக்கு வந்தாள். “மனமுவந்து” என்ற சொல் வாயை விட்டு வெளியேறுமுன்னமே தரை அதிர்ந்தது. இம்முறை ஒரு கை இல்லை. பல கைகள்.

அந்தச் சொல்லின் மேல் அவளுக்கு ஏற்கெனவே ஆத்திரம் இருந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளைக்காரரின் போர்க்கப்பல் ஒன்றுக்குக் கரி அள்ளிப்போட இந்தக் கரையிலிருந்து இளந்தாரிகளைக் கொண்டுபோனார்கள். எடித்தின் அம்மப்பா சவிரியான் அதில் ஒருவர். எருக்கலம்பிட்டி என்ற ஊரிலிருந்து போன சகோதரர்கள் இருவர் அவரோடு இருந்தார்கள். சொந்தக் கரையைக் கண்டால் கடலில் குதித்து நீந்தி ஓடிவிடுவார்கள் என்று, கப்பல் மன்னார்ப் பக்கம் வரும்போதெல்லாம் அவர்களைக் கீழ்த்தளத்தில் விட்டு, இரும்பு மூடியை மேலேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். அன்றும் போட்டார்கள். கப்பல் கடற்கண்ணிவெடியில் மோதி உடைந்தபோது மேலே நின்றவர்கள் படகுகளில் இறங்கினார்கள். மூடியை ஒருவரும் திறக்கவில்லை. மேல்தளத்தில் சமைத்துக்கொண்டிருந்த ஊர்க்காரன் ஒருவன் மட்டும் நீந்திக் கரைசேர்ந்து, கண்டதைச் சொன்னான். தண்ணீர் மூடும்வரை அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள் என்று சொன்னான். எடித்தின் தாய் சாகும்வரை வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் வைக்க விடவில்லை.

இப்போது அந்தக் கப்பல் கப்டனின் பேரப்பிள்ளைகள் இங்கிலாந்திலிருந்து ஒரு நினைவுக் கருங்கல் அனுப்பியிருந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களுக்குக் கீழே இந்த வசனத்தையும் வெட்டியே அனுப்பியிருந்தார்கள். கோயிலில் வாசகம் வாசிக்கிற எடித்தான் திறப்புவிழாவிலும் வாசிக்க வேண்டுமென்று விழாக் குழு கேட்டிருந்தது. விழா அன்று பின்னேரம், பொழுது சாயும் வேளையில்.

எடித் குடையை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சந்திக்குப் போனாள். சீமெந்துக் கட்டின் மேல் கல்லைக் கல்லறைபோலப் படுக்கையாகப் பதித்திருந்தார்கள். அவளுடைய தம்பி றொஷான் ஓரங்களில் சாந்து பூசிக்கொண்டிருந்தான். குழுத் தலைவர் அமிர்தநாயகம் வெள்ளைச் சேட்டில் சிவப்புக் கடதாசிப் பூவைக் குத்திக்கொண்டு கதிரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். எடித்துக்குப் படிப்பித்த பள்ளிக்கூட அதிபர் அவர்.

“சேர், அந்த வசனத்தை நான் வாசிக்க மாட்டன்.”

“ஏன் பிள்ளை?”

“மனமுவந்தோ? பூட்டி வச்சுச் சாக்காட்டினவங்கள். உங்களுக்குத் தெரியாதோ?”

“ஆருக்குத் தெரியாது?” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்தக் கரையில எத்தனை சனம் செத்தது பிள்ளை. எத்தனை பேருக்குக் கல்லிருக்கு? அழவே விடாத காலமும் இருந்தது. அந்த வெள்ளைக்காரப் பிள்ளையள் மதிச்சு ஒரு கல்லு அனுப்பியிருக்குதுகள். கிடைச்சதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பம்.”

“அவையள் தட்டுகினம், சேர். என்ர வீட்டுத் தரைக்குக் கீழ இருந்து.”

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கம்தான் அவளை எரித்தது. “நீ போய்க் கொஞ்சம் படு. பின்னேரம் வா. ஒரு வசனந்தானே.”

அவர் அப்பால் போனதும் றொஷான் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: “அக்கா, எனக்கும் கேட்டது. சாந்து பூசேக்க.”

வீட்டுக்குத் திரும்பியபோது கதவைத் திறக்குமுன்பே மணம் அடித்தது. நனைந்த கரியும், நாட்பட்ட எண்ணெயும், பல ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அறையின் வியர்வையும் கலந்த மணம். சமையலறைத் தரையில் ஒரு மயிர்வெடிப்பு ஓடியிருந்தது. அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்து, சுவரோரமாய்ச் சேர்ந்து, ஒரு சொட்டும் வாசலைத் தாண்டாமல் நின்றது. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

பயந்தாள். ஆனால் அதற்கும் மேலால் ஆத்திரம் வந்தது.

“என்னத்துக்கு எனக்குத் தட்டுறியள்?” என்று தரையைப் பார்த்துக் கத்தினாள். “நானோ பூட்டினனான்? போய் அவங்கட வீட்டில தட்டுங்கோவன்! நான் வாசிக்க மாட்டன். கேக்குதோ? வாசிக்க மாட்டன்!”

கீழே எல்லாம் அடங்கியது. காது கொடுத்துக் கேட்கிறவர்களின் அமைதி. பிறகு, அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் நேர் கீழே, ஒரு உள்ளங்கை மெதுவாகத் தடவிக்கொண்டு போனது.

பொழுது சாயும்போது சந்தியில் சனம் கூடிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. தறப்பாள் பந்தலுக்குக் கீழே மின்குமிழ்கள் ஆடின. எடித் ஒலிவாங்கியைப் பிடித்துப் பெயர்களை வாசித்தாள். சவிரியான் என்றபோது குரல் உடைந்தது, தொடர்ந்தாள். எருக்கலம்பிட்டிச் சகோதரர்களின் பெயர்களையும் வாசித்தாள். பிறகு தாளை மடித்தாள்.

“இவையள் ஒருத்தரும் மனமுவந்து சாகேல்லை. இவையளைப் பூட்டி வச்சு...”

அமிர்தநாயகம் அவள் கையிலிருந்து ஒலிவாங்கியை மெல்ல எடுத்துக்கொண்டார். சனத்தைப் பார்த்துச் சிரித்தார். “எடித்துக்குச் சுகமில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” எல்லோருக்கும் தெரியட்டும் என்று கல்லின் மேல் ஏறி நின்றார். அந்த வசனத்தை, பள்ளிக்கூடக் கூட்டங்களில் பேசுகிற அதே நிறைந்த குரலில் வாசித்தார்.

கல்லுக்குள் தட்டினார்கள்.

இப்போது எல்லோருக்கும் கேட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அமிர்தநாயகம் காலடியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் ஒலிவாங்கியை வாயோடு நெருக்கி, இன்னும் உரத்து, இரண்டாம் முறையும் வாசித்தார். சனம் பழக்கத்தில் “ஆமென்” என்றது.

விளக்குகள் அணைந்தன.

மூச்சுவிடும் நேரம்தான். திரும்ப எரிந்தபோது கல்லின் மேல் ஒலிவாங்கி மட்டும் கிடந்தது. கல் அசையவில்லை. பூசிய சாந்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“சேர்?” என்றான் றொஷான்.

கீழேயிருந்து பதில் வந்தது. சரியாக அவர் நின்ற இடத்துக்குக் கீழேயிருந்து. “திறவுங்கோ! ஐயோ, திறவுங்கோ! பிள்ளை எடித்!”

சனம் பின்வாங்கியது. ஒருவரும் முன்னால் வரவில்லை. யாரோ செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். கதிரைகள் விழுந்தன. எடித் நின்ற இடத்திலேயே நின்றாள். கிடக்கட்டும் என்று ஒருகணம் நினைத்தாள். முழுமனதோடு நினைத்தாள். பிறகு, படகில் இறங்கியவர்களும் இப்படித்தானே கேட்டுக்கொண்டு போயிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது.

“அலவாங்கை எடு” என்றாள்.

றொஷான் கல்லின் ஓரத்தில் நெம்பினான். கல் சரிந்தது. கட்டுக்குள் ஈர மணல். இருவரும் கைகளால் வாரினார்கள். அந்தக் குரல் அடியிலிருந்து கெஞ்சிக்கொண்டே இருந்தது. தோண்டினார்கள். குரல் கிட்ட வரவில்லை. இன்னும் தோண்டினார்கள். எடித்தின் நகம் எதிலோ பட்டு உடைந்தது.

இரும்பு.

வட்டமான மூடி. சுற்றிலும் ஆணிகள். கடலடியில் எண்பது வருசம் கிடந்திருக்க வேண்டியது, துருவில்லாமல், நனைந்து மினுங்கியது. தாழ்ப்பாள் மேல்பக்கம் இருந்தது. போட்டபடி இருந்தது.

“அக்கா, வேண்டாம்.” றொஷான் எழும்பிவிட்டான். “அக்கா, அவர் மட்டும் இல்லை உள்ளுக்கு.”

“தெரியும்.”

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். சூடாக இருந்தது. கீழே தட்டல் நின்றது. அமிர்தநாயகத்தின் குரலும் நின்றது.

இழுத்தாள்.

மூடி சத்தமில்லாமல் திறந்தது. விளிம்புவரை கறுப்புத் தண்ணீர். அது பொங்கவில்லை, அசையவுமில்லை. தூறல் விழுந்தும் வளையமிடவில்லை. மின்குமிழின் வெளிச்சம் உள்ளே இறங்கியது.

தண்ணீருக்குள் அவர்கள் நின்றார்கள். தோளோடு தோள் நெருக்கி, நிமிர்ந்த முகங்களோடு. கண்கள் திறந்திருந்தன. மேலே நின்ற சனத்தை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் வெள்ளைச் சேட்டோடு அமிர்தநாயகம். அவருடைய வாய் திறந்து மூடியது. ஒரு குமிழிகூட வரவில்லை.

எடித் கையை நீட்டினாள். ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை. ஒருவரும் மேலே வர முயலவில்லை.

அவர்கள் ஒதுங்கினார்கள். மெதுவாக, மரியாதையாக, ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டார்கள். பிறகு றொஷானுக்கு. பிறகும் ஒதுங்கிக்கொண்டே போனார்கள்; அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள் இடம் அகன்றுகொண்டே போனது, சந்தியில் நின்ற அத்தனை பேருக்கும் போதுமான அளவுக்கு.