நான்காவது முகமூடி

2009 ஆகஸ்ட் 29, காலை 6.10. தனி வார்டின் கண்ணாடிக்கு அப்பால், திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு நேராகிவிட்டது. இசக்கிமுத்து, ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், வயது முப்பத்திநாலு. பத்து நாள் முன்புவரை இதே கட்டடத்தில் ஓடியாடி வேலை பார்த்தவன். பன்றிக்காய்ச்சல். பக்கத்தில் போய் முகம் பார்க்கக்கூட அவன் மனைவி விஜயராணியை விடவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. தொற்று வீட்டிலிருந்து ஏற்பட்டிருக்கலாம் என்று இருந்தது அதில். விஜயராணிக்கு ஆடியிலிருந்தே இருமல். பனியன் கம்பெனி அயர்ன் டேபிளில், பஞ்சுத் தூசிக்குள் நிற்பவளுக்கு இருமல் ஒன்றும் புதிதில்லை. ஆனால் தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் விலகினார்கள். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் வாய்விட்டே கேட்டாள்.

"எம்புள்ளைக்கு நீதானட்டி குடுத்த?"

அந்தக் கேள்வியோடு அவளால் படுக்க முடியவில்லை. சுகாதாரத் துறைக்கு மனு எழுதினாள்.

செப்டம்பர் 22, காலை 11.15. சுகாதாரத் துறையிலிருந்து மருத்துவமனைக்கு விசாரணைக்கு வந்தவர் மருதாசலம். பேச்சு மெதுவாக இருக்கும், கண் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. எதிரே சர்ஜன் இளங்குமரன், மயக்க மருத்துவர் சத்யப்பிரியா, தியேட்டர் நர்ஸ் நல்லம்மாள். ஓரத்து நாற்காலியில் விஜயராணி.

"ஆகஸ்ட் பத்தொம்பது. ஆபரேஷன் யாருக்குங்க?"

"சோமனூர்க்காரருங்க. குரல்வளையில புத்துநோய். தள்ளிப்போட்டா மூச்சே அடைச்சிரும். பயந்துட்டேதான் பண்ணுனோம்," என்றார் சர்ஜன்.

"அவருக்குக் காய்ச்சல்?"

"அன்னிக்கு இல்லீங்க. மறுநாள் வந்துச்சு. டெஸ்ட்ல பன்றிக்காய்ச்சல்."

"இந்த அம்மிணி சளியில கிருமியே இல்லைன்னு ரிப்போர்ட் இருக்குது. அப்புறம் ஊட்டுல இருந்து வந்துச்சுன்னு எதுக்குங்க எழுதுனீங்க?"

"உள்ள இருந்தது நாலு பேருங்க. ஒரே பெட்டி மாஸ்க். எங்க மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"தொண்டையில துளை போடறப்ப காத்து பீச்சியடிக்குமில்லீங்க?"

சத்யப்பிரியா பதில் சொன்னாள். "வெட்டறதுக்கு முன்னாடியே மூச்சு மெஷினை நிறுத்திட்டேன் சார். குழாயைப் பொருத்தி அடைச்சதுக்கு அப்புறந்தான் காத்து விட்டேன். மயக்கம் தெளியறப்பதான் ஒருக்கா இருமுனாரு. இசக்கிமுத்து சளி உறிஞ்சிட்டு இருந்தாரு. நானும் ஒரு முழ தூரத்துலதான் நின்னேன்."

"மாஸ்க் எத்தனைங்க குடுத்தீங்க?"

"ஆளுக்கு ஒண்ணுதானுங்க," என்றாள் நல்லம்மாள். "ஊரெல்லாம் தட்டுப்பாடு. ஒரு வாரமா அதையேதான் போட்டோம். அந்த ஆபரேஷனோட தியேட்டரை மூடிட்டாங்க. நாலு மாஸ்க்கும் பேர் எழுதுன கவர்ல அப்படியே கெடக்குதுங்க."

மருதாசலம் கையுறை போட்டுக்கொண்டு நான்கையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். மூன்று மூக்கருகே மஞ்சள் பூத்துக் கசங்கியிருந்தன. ஒன்றில் நல்லம்மாளின் பவுடர். நான்காவது வெள்ளையாக இருந்தது. நடுவில் கத்தி முனைபோல் ஒரு மடிப்பு.

"இசக்கிமுத்து எத்தனை சுத்தம் பாருங்க," என்றாள் நல்லம்மாள். விஜயராணிக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

மருதாசலம் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நடு மடிப்பை விரலால் நீவிப் பார்த்தார்.

"அம்மிணி, உங்களுக்கு என்ன வேலைங்க?"

"அயர்ன் டேபிள் சார்."

"இதை அவரு ஊட்டுக்குக் கொண்டாந்தாருங்களா?"

"ஆபரேஷனுக்கு முந்துன நாள் கொண்டாந்தாவ. வேர்வை நாத்தம்னாவ. வெந்நியில சோப்புப் போட்டு அலசி, கம்பெனியில ஸ்டீம் அயர்ன் போட்டுக் குடுத்தேன். ஏற்றுமதி பீஸ் கணக்கா இருக்குட்டின்னு சிரிச்சாவ..." சொல்லிக்கொண்டே வந்தவள் எதிரே இருந்த முகங்களைப் பார்த்து நிறுத்தினாள்.

மருதாசலம் நாற்காலியை அவளருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பாலியஸ்டர் துணி கையில ஒட்டுமில்லீங்க? இதோட நடு அடுக்குல அந்த மாதிரி மின்சாரம் இருக்குது. கிருமியை அதுதான் இழுத்துப் புடிக்கும். சோப்பும் சூடும் பட்டா போயிரும். அழுக்கா இருந்த மூணும் காப்பாத்திருச்சு. இது வெறும் துணியாயிருச்சுங்க."

அவள் அழவில்லை. கை மட்டும் மடியில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தது.

மருதாசலம் சர்ஜன் பக்கம் திரும்பினார். "துவைக்கக் கூடாதுன்னு யாருக்குச் சொன்னீங்க?"

"டாக்டருக்கு, நர்சுக்கெல்லாம் கிளாஸ் எடுத்தேங்க." இளங்குமரனின் குரல் இறங்கியது. "அந்நேரம் இசக்கிமுத்து தியேட்டர் கழுவிட்டு இருந்தான். தனியாக் கூப்பிட்டுச் சொல்லணும்னு தோணலீங்க."

"அப்ப குத்தவாளி நீங்கதானுங்க டாக்டர். இந்தம்மாவோட இருமல் இல்லை."

அறிக்கைத் தாளை எடுத்தவர் குரலைத் தாழ்த்தினார். "நோயாளிகிட்ட இருந்து தொத்துச்சு, ஆஸ்பத்திரி சொல்லித்தரலைன்னு எழுதிக்கறேன். துவைச்சதை எழுத வேண்டாங்க அம்மிணி. உங்க மாமியாருக்குப் பதில் கெடைச்சிருச்சல்ல?"

"இது மத்த ஆஸ்பத்திரிக்கும் போகுமா சார்?"

"எல்லாத்துக்கும் போகும்."

"அப்ப எழுதுங்க. பொண்டாட்டி துவைச்சு, தேய்ச்சுக் குடுத்தான்னு எழுதுங்க. இந்த ஊருல வீட்டுக்கு ஒருத்தி அயர்ன் டேபிள்ல நிக்கா சார். இன்னைக்கும் எவளாவது மாஸ்க்கைத் துவைச்சுக்கிட்டு இருப்பா."

"மாமியார் காதுக்குப் போயிருமேம்மா."

"போகட்டும். நானே வாசிச்சுக் காட்டுதேன்."

மருதாசலம் பேனா மூடியைக் கழற்றினார்.