எண்பதுக்குக் கீழே

அகநகரில் குமுதவல்லி குடியேறி ஏழு வருஷமாகியும் அடுத்த வீட்டுக்காரர் கறுப்பா சிவப்பா என்று அவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடே. ஒருவர் நடையில் இறங்கினால் மற்றவர் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். தனிமை விரும்பும் அகத்தாருக்கு அரசு செய்துகொடுத்த வசதி அது. கூட்டம் விரும்பும் புறத்தாருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனி ஊர். யார் எந்த ரகம் என்பதை மணிக்கட்டில் கட்டிய மனமானி சொல்லிவிடும். ஆளைக் கண்டதும் நாடி படபடத்தால் அகம், நிதானமாக ஓடினால் புறம்.

குமுதவல்லி அந்தக் காலத்தில் பேருந்து நடத்துநர். ஏறிய பயணி இறங்குவதற்குள் அவர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றையும் விசாரித்துவிடுவாள். சோதனை நாளன்று பாவம், கடைவாய்ப் பல்லில் உயிர்போகிற வலி. அதிகாரி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நாடி குதித்தது. கருவி அகம் என்று எழுதிவிட்டது. மனுமேல் மனுப் போட்டு, ஒரு வருஷம் கழித்து மறுசோதனைக்குப் போனாள். அதற்குள் மனித முகத்தைப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. அதிகாரியைக் கண்ட சந்தோஷத்தில் நாடி நூற்றிருபதைத் தொட்டது. முன்னைவிட முற்றிவிட்டதே என்று அவர் இரக்கப்பட்டுத் திருப்பி அனுப்பினார்.

பிறகு அவள் அடுப்பில் இருக்கும் குழம்போடு பேசிப் பழகினாள். கொதிக்கிற சத்தமாவது பதில் மாதிரி இருந்தது.

போன மாதம் ஒரு பிற்பகலில் கட்டடத்தின் மையக்கணினி அரைமணி நேரம் படுத்துவிட்டது. கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. எதிரே ஒரு நரைத்த மனிதர் பனியனோடு நின்றிருந்தார். பெயர் தேவசகாயம், வீட்டுத் தரகராக வாயாலேயே பிழைத்தவர். சோதனை நாளில் தொண்டை கட்டி, காய்ச்சலில் நாடி எகிறியிருந்ததாம். அவள் பல்வலியைச் சொன்னாள். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

"பெருங்காயம் தூக்கலா ஒரு வாசனை வருமே, உங்க வீடுதானாம்மா? ஏழு வருஷமா அதை மோந்துதான் நான் வெறும் தயிர்சாதம் சாப்பிடுறேன்."

குமுதவல்லி உள்ளே ஓடி ஒரு கிண்ணம் வத்தக்குழம்பை எடுத்துவந்து நீட்டினாள்.

"பாத்திரத்தை வெறுமனே தரக்கூடாது," என்றார் அவர். "நாளைக்கு ஏதாச்சும் போட்டுக் கொண்டாரேன்."

"வாங்கண்ணே. கட்டாயம் வாங்க."

மறுநாள் காலையிலிருந்தே அவள் புதுப்புடவையில் காத்திருந்தாள். பத்து மணிக்குக் கதவுத்திரையில் அவர் தெரிந்தார். கையில் அதே கிண்ணம், நிறைய அதிரசம். ஏழு வருஷத்தில் அவள் வாசலுக்கு வந்த முதல் மனிதர். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. மனமானி அதை எண்ணியது. நூற்று முப்பது.

கதவு இறுகிப் பூட்டிக்கொண்டது. வெளியே அவர் மணிக்கட்டு பேசியது: "இந்த வீட்டார் உங்கள் வருகையால் துன்பப்படுகிறார். விலகிச் செல்லவும்."

"இல்லண்ணே, போயிடாதீங்க!" என்று அவள் கத்தினாள். ஒலியை விழுங்குகிற நல்ல கதவு அது. அவர் முகம் சுருங்கியது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோலக் கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். துப்புரவுப் பொறி வந்து அதிரசத்தைக் குப்பையில் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, சுவர்த்துளை வழியாக அவளிடம் சேர்த்தது. காலிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் அன்று முழுக்க அழுதாள்.

விதிமுறையைத் தேடிப் படித்தாள். வாசலில் ஆள் நிற்கும்போது நாடி எண்பதைத் தாண்டாதிருந்தால் பூட்டிய கதவின் தாழ் விலகிவிடும். ஆக, வருகிறவரைக் கண்டு சந்தோஷப்படாமல் இருந்தால் அவரை உள்ளே கூப்பிடலாம்.

அன்றிலிருந்து கதவருகே நாற்காலி போட்டுப் பயிற்சி செய்கிறாள். கண்ணை மூடி அவர் வருவதாக நினைத்துக்கொள்வாள். முதல் வாரம் நூற்றிருபது. அடுத்த வாரம் நூறு. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, அவர் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டே வந்தாள்.

இன்று காலை கதவுத்திரையில் நிஜமாகவே ஓர் உருவம். தேவசகாயம்தான். மனசு கேட்காமல் இன்னொரு முறை வந்திருக்கிறார். குமுதவல்லி மனமானியைப் பார்த்தாள். எழுபத்திரண்டு. பச்சை விளக்கு எரிந்தது, தாழ் விலகியது. கதவை இழுத்தால் போதும்.

அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.