அடைத்த டைரக்டரி

கம்ப்யூட்டரின் டேப் சுற்றி முடித்து நின்ற பிறகும் டிஸ்க் கரகரவென்று எழுதிக்கொண்டே இருந்தது. எதை எழுதுகிறது என்று ஷ்யாமளாவுக்குப் புரியவில்லை.

1987 ஆகஸ்ட், செம்பூர். மத்தியானமே விளக்குப் போட வைத்த மழை, ஏ.சி.யின் ஈரவாடையும் சூடான தூசியின் வாடையும் கலந்து மூச்சை அடைக்கிற கம்ப்யூட்டர் அறை. மிஷினை இயக்குகிற யூனிக்ஸ் புரோகிராமைத் தொடாமல், அதற்குள்ளேயே ஃபைல்கள் வைக்கும் ஒரு டைரக்டரியைத் தனியாக அடைத்து, புது யூனிக்ஸை அதில் நிறுவிப் பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்துவிட்டால் அந்த டைரக்டரிதான் முழு உலகம். வெளியே இருப்பது எதுவும் தெரியாது. அவள் கணவன் வானமாமலை தொடங்கிய வேலை அது. ஜூனில் வடாலாவில் ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனான். மிஷினுக்குள் நுழைய அவன் வைத்திருந்த லாகின் பெயரை அழித்ததும் அவள்தான். ஆபீஸில் வேறு யாருக்கும் அழிக்கத் தெரியவில்லை.

"மேடம், டிரெயின் பந்தாம். நான் ரூம்லதான் இருக்கேன், மழ விட்டதும் சேந்து போயிருவோம்" என்றார் பக்கத்து அறையில் வேலை பார்க்கும் பூலோகம்.

"சரி, பூலோகம்."

அடைத்த டைரக்டரிக்குள் நுழைந்தாள். யார் யார் இருக்கிறார்கள் என்று மிஷினைக் கேட்டாள். அவள் ஒருத்திதான் இருக்க வேண்டும்.

இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டாவது, வானம். அவன் லாகின் பெயர்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி தொடங்கியது. ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றாக, தமிழ் வந்தது.

"ஷ்யாமு, ஏன் இப்படி இருட்டா இருக்கு?"

அப்படிக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். பூலோகம் ஒருமுறை அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

அவர்தான் பக்கத்து அறை டெர்மினலிலிருந்து விளையாடுகிறார் என்று துக்கமெல்லாம் கோபமாகப் பொங்கியது. வெளியே வந்து, அந்த டைரக்டரியில் உள்ளதை ஒவ்வொன்றாக, அடியோடு அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினாள்.

"இப்படி விளையாட எப்படி மனசு வந்தது உங்களுக்கு?"

மேஜையில் தலைசாய்த்துத் தூங்கிய பூலோகம் திடுக்கிட்டு எழுந்தார். "என்ன மேடம், என்னாச்சு?"

கூரை ஒழுகியதால், தன் டெர்மினலின் பிளக்கைப் பிடுங்கி அதன்மேல் பாலித்தீன் போர்த்தியிருந்தார். அதையும் அவளுடையதையும் விட்டால் ஆபீஸில் வேறு டெர்மினல் கிடையாது.

திரும்ப ஓடினாள்.

திரையில் புது வரிகள்.

"கதவு எங்கே?"

"கால் தெரியலை, ஷ்யாமு."

"கை."

அழிப்பதை நிறுத்த பிரேக் விசையை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி. மறுபடி.

"ஐயோ, வேண்டாம்... வேண்டாம்னா..." திரையைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் பதித்தாள்.

"நீயா பண்றே?"

அதன் பிறகு எழுத்து வரவில்லை.

கன்னத்தை விலக்கிப் பார்த்தாள். கண்ணாடியில், அவள் வாய் இருந்த இடத்துக்கு நேராக, ஆவி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

போகவில்லை. அது உட்புறத்தில் இருந்தது.