‘வாங்க’ என்று சொன்ன மெஷின்

போன் அடிக்கவே இல்லை. அடித்திருந்தால் சுந்தரம்மாளுக்குக் கேட்காமல் போயிருக்க வழியே இல்லை. வயரில்லாத ரிசீவரை இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஆனால் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து பார்த்தபோது மெஷினில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. யாரோ பேசிவிட்டு வைத்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். கடைக்காரர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அந்த மெஷினை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ராஜபாளையத்தில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் சிரித்தார்கள். இந்தக் காலத்தில் லேண்ட்லைன் போன் யார் வாங்குகிறார்கள் என்று ஒருவன் கேட்டே விட்டான். அவனுக்கென்ன தெரியும்? சுந்தரம்மாளின் வீடு மாமனார் காலத்துக் கட்டடம். ரயில் பெட்டி மாதிரி நீளம், சுவரோ ஆள் படுக்கிற அகலம். செல்போனுக்கு முன்பக்க ஜன்னலில் மட்டுந்தான் டவர். அவள் சமையலறையிலிருந்து முழங்கால் வலியோடு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து ஜன்னலுக்கு வந்து சேருவதற்குள் மணி நின்றுபோகும். அடிக்கிறவன் வேறு யாருமில்லை, அவள் ஒரே மகன் வினோத். பட்டாளத்தில் வடக்கே எங்கோ பனிமலையில் இருக்கிறான். கேம்ப்பில் வரிசையில் நின்று முறை வரும்போது அவன் பேசலாமே தவிர, இவள் திருப்பிக் கூப்பிட நம்பர் கிடையாது. புருஷன் காசிராஜன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு மிச்சமிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அது வந்து, ஆளில்லாமல் அடித்து, ஓய்ந்து போவதை நினைத்தால் வயிறு எரியும்.

கடைசியில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பெலிக்ஸ் என்பவர் கடையில்தான் கிடைத்தது. மில்களுக்கும் ஆபீஸ்களுக்கும் போன் மாட்டிக் கொடுக்கிறவர், பொறுமைசாலி. தூசி தட்டி மூன்று செட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றில் ரிசீவர் ஒன்றுதான். இன்னொன்றில் ரிசீவர் இரண்டு, மெஷின் கிடையாது. மூன்றாவதில் இரண்டு ரிசீவரும் உண்டு, ஆள் எடுக்காவிட்டால் பேசுகிறவர் குரலைப் பிடித்து வைக்கிற மெஷினும் உண்டு. சுந்தரம்மாள் யோசிக்கவே இல்லை. குரலைப் பிடித்து வைக்குமா, திரும்பத் திரும்பக் கேட்கலாமா என்று மட்டும் கேட்டாள். எத்தனை தடவை வேண்டுமானாலும் என்றார் பெலிக்ஸ். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஒரு ரிசீவர் முன்னறையில் மெஷினோடு, இன்னொன்று சமையலறை அலமாரியில். அழைக்கிறவர்களுக்கு மெஷின் சொல்லவேண்டிய வார்த்தையை அவள் குரலில் பதியச் சொன்னார். “வீட்டில் இல்லை, அப்புறம் பேசுங்கள்” என்பதுதான் வழக்கமாம். சுந்தரம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டு வாசலில் நின்று இல்லை என்று சொல்லலாமா? ராப்பகலாக இல்லை இல்லை என்று ஒரு மெஷின் சொல்லிக்கொண்டிருந்தால் வீடு விளங்குமா? அதுவுமில்லாமல், தனியாக இருக்கிற பொம்பளை ஆளில்லை என்று ஊருக்கே சொல்வாளா? வாசலில் காசிராஜனின் செருப்பை இன்னும் விட்டு வைத்திருப்பவள் அவள். ஆகவே தொண்டையைச் செருமிக்கொண்டு, விருந்தாளியை வரவேற்கிற குரலில் சொன்னாள்:

“வாங்க, வாங்க. நாங்க எல்லாம் வீட்லதான் இருக்கோம். சொல்லுங்க.”

பெலிக்ஸ் சிரித்துவிட்டு அதையே பதிந்துகொடுத்துப் போனார்.

அந்த மெஷினில்தான் இப்போது முதன்முதலாக விளக்கு மினுங்குகிறது. பொத்தானை அழுத்தினாள். முதலில் அவள் குரலே வந்தது, வாங்க வாங்க என்று. அப்புறம் தண்ணீர் விழுகிற சத்தம். உயரத்திலிருந்து பாறையில் விழுகிற தண்ணீர். அதற்குள்ளிருந்து,

“அம்மா.”

அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை. ஆனால் வினோத் குரல், சந்தேகமில்லை. மலையில் ஏதோ அருவிப் பக்கம் நின்று பேசியிருக்கிறான், லைன் அறுந்துவிட்டது. போன் ஏன் அடிக்கவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. பிள்ளை கூப்பிட்டிருக்கிறான். தரையில் உட்கார்ந்து அந்த ஒற்றை வார்த்தையைப் பொழுது சாயும்வரை போட்டுப் போட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க அந்தத் தண்ணீர்ச் சத்தம் எங்கோ கேட்ட சத்தமாக இருந்தது. மழை விட்ட மறுநாள் ஊருக்கு மேற்கே அய்யனார் கோவில் அருவிக்குப் போனால் கேட்கிற சத்தம்.

சில நாள் கழித்து மறுபடி விளக்கு மினுங்கியது. அதுவும் உச்சி வெயில் நேரம். இந்தத் தடவையும் போன் அடிக்கவில்லை. உள்ளூர் பஸ் ஸ்டாண்டு இரைச்சல், கண்டக்டர் ஒருவர் “செட்டியார்பட்டி, செட்டியார்பட்டி” என்று தொண்டை கிழியக் கத்துகிறார். அதற்கு நடுவில்,

“அம்மா. வந்துக்கிட்டிருக்கேன்.”

சுந்தரம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்துவிட்டான், கள்ளப்பயல்! முழங்கால் வலியை மறந்து கடைக்குப் போய்க் கறி எடுத்து வந்தாள், குழம்பு வைத்தாள், அவன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்துவிடுகிற தூரம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மில் சங்கு ஊதி, வேலைக்காரர்கள் சைக்கிளில் கலைந்து போய், தெரு விளக்கு எரிந்து, எதிர்வீடுகள் கதவு சாத்துகிறவரை உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. குழம்பை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீடு அவ்வளவு பெரிதாக அவளுக்குத் தெரிந்ததில்லை.

மூன்றாவது செய்தியில் பஸ் சத்தம் இல்லை. கிரைண்டர் ஓடுகிற சத்தம், ஒரு பெண் யாரையோ தெலுங்கில் திட்டுகிற சத்தம். எதிர்வீட்டு வெங்கடேஸ்வரி! அந்தக் கிரைண்டர் இப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினுக்குள்ளிருந்தும் ஜன்னல் வழியாகவும் ஒரே சத்தம் இரண்டாகக் கேட்டது. “பக்கத்துல வந்துட்டேன்ம்மா” என்றது குரல். சுந்தரம்மாள் விழுந்தடித்து வாசலுக்கு ஓடினாள். தெரு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை.

யாரும் வரவில்லையே என்றாள் வெங்கடேஸ்வரி. முகம் வெளுத்து நிற்கிறவளை உள்ளே கூட்டிப்போய், மோர் கொடுத்து, நடந்ததைக் கேட்டாள். பிறகு கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள்.

“சுந்தரக்கா, வெளிய யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டா நாம என்ன செய்வோம்? மூணு தடவ கூப்பிடட்டும்னு வாயத் தொறக்காம இருப்போம்லா. நம்ம ஆளுன்னா மூணு தடவ கூப்பிடும். மத்தது ஒரு தடவதான் கூப்பிடும். ஒங்க மெஷினுக்கு அது தெரியுமா? அது மொதக் கூப்பாட்டுக்கே வாங்க வாங்கங்குது.”

சுந்தரம்மாளுக்கும் சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயந்தான். பதியும்போது நினைவுக்கு வராமல் போயிற்றே.

அன்று சாயங்காலம் போன் அடித்தது. நிஜமாகவே அடித்தது, வீடே அதிர்கிற மாதிரி. வினோத்தான். மூச்சு விடாமல் பேசினான். போன தடவை பேசிய பிறகு கூப்பிட முடியவே இல்லையாம், லீவு இன்னும் கிடைக்கவில்லையாம். நாளைக்குச் சாயங்காலக் கருக்கலில் இன்னொரு தடவை கூப்பிடுவானாம், மறுநாள் மலைமேல் காவல் போஸ்ட்டுக்கு ஏற வேண்டுமாம். அங்கே போன் கிடையாது, பனி உருகி இறங்கினால்தான் இனிப் பேச்சு.

“நாளைக்கு மட்டும் எடுக்காம இருந்துராதம்மா. ஒன் குரலக் கேட்டுட்டு ஏறுனா எனக்குப் பயமே இருக்காது.”

அவளுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட நா துடித்தது. மலையேறப் போகிற பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்வதா? விழுங்கிக்கொண்டாள். எடுக்கிறேன்யா, கட்டாயம் எடுக்கிறேன் என்றாள்.

பெலிக்ஸுக்குப் போன் போட்டு, மெஷினை எப்படி அணைப்பது என்று கேட்டாள். அவர் சொன்ன பொத்தானை அழுத்தினாள். மெஷின் வேலை செய்வதைக் காட்டுகிற பச்சை விளக்கு அணைந்தது. போன் மட்டும் வேலை செய்யும், மெஷின் இனி வாயைத் திறக்காது என்றார். வயரைப் பிடுங்கிவிட்டால் இன்னும் நிம்மதிதான். ஆனால் நாளைக்கு வினோத் கூப்பிடுவானே. அதனால் வயர் இருந்தது.

மறுநாள் துணைக்கு யாருமில்லை. வெங்கடேஸ்வரி பேரப்பிள்ளைக்குக் காது குத்து என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டாள். பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. வெயில் இறங்கியது. குக்கரை இறக்கிவிட்டு, பாலைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு, சமையலறை விளக்கை அணைத்தாள். “இன்னும் செத்த நேரந்தான், பிள்ள கூப்பிட்டுருவான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

சிவப்பு விளக்கு மினுங்கியது.

மெஷின் அணைந்துதான் இருந்தது. பச்சை விளக்கு இல்லை. சிவப்பு மட்டும், நிதானமாக, எரிந்து எரிந்து அணைந்தது. கை தானாகப் போய்ப் பொத்தானை அழுத்தியது.

குக்கர் விசில். குழாய் சொட்டுகிற சத்தம். அலுமினியச் சட்டியை அடுப்பில் வைக்கிற சத்தம். அப்புறம் அவள் குரல்: இன்னும் செத்த நேரந்தான், பிள்ள கூப்பிட்டுருவான். இப்போது சொன்னது. சமையலறையில், தனியாக, தனக்குத்தானே சொன்னது. அவள் குரலுக்கு வெகு அருகில், காதோடு காதாக, ஒரு மூச்சு.

“வந்துட்டேன்.”

பால் அடுப்பில் இருப்பது நினைவுக்கு வந்தது. ஆனால் சமையலறைப் பக்கம் போகவில்லை.

வாசல் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, முன்னறை ரிசீவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, வாசல்படிக்கு அருகில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் வீட்டின் நீளம் முழுக்கத் தெரியும். முன்னறை, நடுவறை, சாமி அறை, கடைசியில் சமையலறை வாசல். உள்ளே இருட்டு. அடுப்புத் தீயின் நீலம் மட்டும் தரையில் கொஞ்சம் கிடந்தது. பால் வாசனை வந்தது. அதோடு இன்னொரு வாசனை, ஈரப் பாறையில் பாசி படிந்தால் வருகிற வாசனை. தெருவுக்கு ஓடிவிடலாம். ஓடினால் போனை யார் எடுப்பது?

போன் அடித்தது.

எடுத்தாள். காதில் வைத்தாள். இரைச்சல், தூரம், காற்று.

“அம்மா?”

வாய் திறக்க வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு தடவை. யாராக இருந்தாலும் மூன்று தடவை கூப்பிடட்டும். நம்ம பிள்ளை கூப்பிடுவான். கூப்பிடுவான்.

“அம்மா, கேக்குதா?”

இரண்டு. இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று. கடவுளே.

“சொல்லுய்யா” என்றது ஒரு குரல்.

அவள் சொல்லவில்லை.

அவள் குரல். அவளுடைய இழுவை, அவளுடைய கரகரப்பு. ரிசீவரிலும் கேட்டது, வீட்டின் கடைசியிலிருந்தும் கேட்டது.

“என்னம்மா, பேசாமலே இருந்த? பயந்துட்டேன்.”

“கைவேலையா இருந்தேன்யா. சாப்பிட்டியா?”

“வினோத்!” என்று சுந்தரம்மாள் அலறினாள். “வினோத், அது நானில்ல! நான் இங்க இருக்கேன்யா!”

“நடுவுல என்னமோ கொரகொரங்குதும்மா.”

“லைன் அப்பிடித்தான்யா இருக்கு. நீ பேசு.”

அவன் பேசினான். பூட்ஸ் புதுசாகக் கொடுத்திருக்கிறார்கள் என்றான். கூட வருகிறவன் மதுரைப் பக்கத்துக்காரன், நல்ல பையன் என்றான். அந்தக் குரல் ம், ம் என்று கேட்டுக்கொண்டது. சரியான இடத்தில் சிரித்தது. கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொள் என்றது. சுந்தரம்மாள் கத்தினாள். தொண்டை கிழிந்தது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

“சரிம்மா, வைக்கட்டுமா? ஒன் குரலக் கேட்டேன், அது போதும்.”

“லீவு கெடச்சதும் நேரா இங்க வந்துரு. ஒனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

“வந்துருதேன்ம்மா.”

லைன் அறுந்தது.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தீ சிவந்து ஒரு கணம் உயரே எழுந்தது. அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அவளுடைய முக்காலியில், அவளுடைய கொடியில் காய்ந்த சேலையில், வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. சமையலறை ரிசீவர் இன்னும் அதன் காதருகில் இருந்தது. கூந்தலை அவள் மாதிரியே அள்ளி முடிந்திருந்தது. அதற்குக் கீழே முகம் என்று ஒன்றுமில்லை. பிசைந்து வைத்த மாவு மாதிரி வழவழவென்று இருந்தது.

அது அவள் பக்கம் திரும்பியது. அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க முதலில் மூக்கு வந்தது. பிறகு அவளுக்கு உதட்டோரம் இருக்கிற மச்சம் வந்தது.