ஊருக்கே ஒரு தடைப்பட்டியல்

"நீங்க பெனிட்டாதான். நல்லாத் தெரியும். அதனாலதான் உள்ள விட மாட்டேன்," என்றது கதவு.

பெனிட்டா சிரித்துவிட்டாள். அந்தக் கதவைப் பேச வைத்தவளே அவள்தான்.

தூத்துக்குடிக் கரையைத் தாண்டிக் கடலில் நிற்கும் முத்துத்துறை மிதவை நகரத்தில் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. வீட்டுக்கு ஒரு கதவன். கணினி வலையில் வாழும் நிரல்தான். ஆளைப் பார்க்கும், பேசும், திறக்கும். "இவன விடாத" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும், தடைப்பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடும். அப்புறம் அந்த வீட்டின் சொந்தக்காரரே வந்தாலும் வெளியேதான். அடிக்கிற கணவன்மார்களைத் தடுக்க நகரமன்றம் கேட்டு வாங்கிய விதி அது.

கதவன்களின் புதிய பதிப்பை இன்று நண்பகலில்தான் பெனிட்டா ஏற்றியிருந்தாள்.

"யாரு என் பேரச் சொன்னது?"

"அஞ்சாம் தளம், அந்தோணி."

"அவரு அவரோட கதவுகிட்ட சொல்லியிருப்பாரு. நீ என் கதவுல்லா!"

"பட்டியல்ல பேரு இருக்கு."

அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

எல்லாக் கதவன்களும் ஒரே வார்ப்பிலிருந்து பிறப்பவை. ஒவ்வொன்றும் பிறக்கும் நொடியில் 'ஆக்கி' என்ற செய்முறை ஒரே ஒரு தடவை ஓடும். வீட்டு எண், சொந்தக்காரர், குரல் என்று அந்தக் கதவனுக்கு மட்டுமே உரியதைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். தடைப்பட்டியலையும் அங்கேதான் கொடுத்திருக்க வேண்டும். அவள் அவசரத்தில் அந்த ஒரு வரியை ஆக்கிக்கு வெளியே, வார்ப்பின் மேலேயே எழுதிவிட்டாள். வார்ப்பு ஒன்று, ஆகவே பட்டியலும் ஒன்று. ஒருவர் கோபம் இப்போது ஊர்க் கோபம்.

ஒரு வரிதானே! தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். ஆனால் கணினி கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

புயல் சங்கு ஊதியது. இருட்டுவதற்குள் நடைபாதைகளில் அலை ஏறிவிடும். கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தால், தளத்துக்குத் தளம் ஆட்கள் சொந்தக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அரை நாளில் ஓர் ஊரில் இத்தனை சண்டையா!

ஐந்தாம் தளத்துக்கு ஓடினாள். அந்தோணி படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் பரோட்டாப் பொட்டலம்.

"என்ன அண்ணாச்சி, என்னப் போய்த் தடுத்திருக்கீய?"

"நீ எதுக்குட்டி பிலோகிட்ட போட்டுக் கொடுத்த? சுகர்க்காரன் ரெண்டு பரோட்டா தின்னா ஊரா முங்கிரும்? இப்ப பிலோ என்னயத் தடுத்துட்டா. எங்க அக்கா வீட்டுக்குப் போனேன், அங்கயும் தெறக்கல. மாதா கோயில்லகூட விடல!"

"ஒரு வரி வெளிய போயிட்டு, அதான் ஊருக்கே ஒரே பட்டியல். மொதல்ல என் பேர எடுங்க. எல்லாத்தையும் சரி பண்ணிருதேன்."

"எப்பிடி எடுக்க? என் கதவே என் பேச்சக் கேக்கல."

உள்ளே இருந்த அவர் மனைவியை அழைத்துப் பெனிட்டா கதவைத் தட்டினாள். "பிலோமினாக்கா!"

"பெனியா? நீ வா பிள்ள. அந்த மனுசன் மட்டும் வரப்படாது."

"என்னயும் தடுத்திருக்காருக்கா."

"உண்மையச் சொன்ன பிள்ளையவா?" உள்ளே குரல் உயர்ந்தது. "ஏ கதவு! பெனிட்டா பேர எடு."

"அண்ணாச்சி பேரையும் எடுத்துருங்கக்கா. ஊர்ல ஒரு கதவும் அவர விடல."

"ஒரு கதவுமா?" பிலோமினாவின் குரல் இறங்கியிருந்தது. "செத்த நேரம் கெடக்கட்டும். அலை ஏறதுக்குள்ள விட்ருதேன்."

"அந்தக் கவலையே வேண்டாம்க்கா, இப்பமே எல்லாக் கதவையும் சரி பண்ணிருதேன்!" என்று சொல்லிவிட்டு பெனிட்டா மேலே பறந்தாள்.

பட்டியல் ஒன்றுதானே, அங்கே பெயரை எடுத்ததும் இங்கே அவள் கதவும் திறந்தது. ஒரு டம்ளர் தேநீரோடு உட்கார்ந்து வரியை ஆக்கிக்குள் நகர்த்தினாள், எல்லாக் கதவன்களையும் புதிதாகப் பிறப்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல், எல்லாமே வெற்றுப் பட்டியல். கீழே விசில் பறந்தது. கதவுகள் திறக்கும் சத்தம் தளம் தளமாக ஏறி வந்தது. நினைத்தபடி, தேநீர் ஆறவில்லை.

கடைசி மடக்கைக் குடிக்கும்போது கதவு கேட்டது: "அந்தோணி வந்திருக்காரு. விடவா?"

தொப்பலாக நனைந்து நின்றார். பொட்டலம் மட்டும் நனையவில்லை.

"எல்லாம் சரியாயிட்டே அண்ணாச்சி?"

"அதான் வினை. கதவு புதுசாப் பொறந்ததும் பிலோ மறுபடியும் என் பேரத்தான் மொதல்ல சொன்னா. முந்தி, போக எடமில்லாத மனுசன்னு பாவம் பாத்தா. இப்ப, 'மத்த வீடெல்லாம் தெறந்துதான கெடக்கு, அங்க போய்ப் படும்'ங்கா." தயங்கினார். "ஏட்டி, அந்த வரியப் பழையபடி வெளிய வச்சா என்ன?"

அவருக்குப் பின்னால் படியில் இன்னும் ஏழெட்டுப் பேர், சொட்டச் சொட்ட, அதே கேள்வியோடு நின்றார்கள். காற்று ஊளையிட்டது.

"எல்லாரையும் உள்ள விடு," என்றாள் கதவிடம்.

பிறகு கணினி முன் உட்கார்ந்து நிரலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

பிழை எதுவும் இல்லை.