மிச்சம் வைத்த தட்டு

காலையில் அவள் ஆய்வகத் தட்டில் ஊற்றிய சிவப்புத் திரவம் மதியத்துக்குள் மஞ்சளாகியிருந்தது. அது செல்களுக்கு இரை. முழுக்கத் தின்று தீர்த்தால்தான் அப்படி நிறம் மாறும், அதற்கு இரண்டு நாளாவது பிடிக்கும்.

ஸ்டெம் செல்களைக் கல்லீரல் செல்களாக வளர்ப்பது அவள் வேலை. கல்லீரல் கெட்டுச் சாகக் கிடந்த தம்பிக்கும், அவன் தோலிலிருந்து செல் எடுத்து அவள் அப்படி வளர்த்ததைத்தான் ஊசியில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். மிச்சத்தை பிளீச் ஊற்றிக் கொன்றுவிட வேண்டும் என்பது ஆய்வக விதி. கூடப் பிறந்தவனின் சதை அல்லவா, மனசு வரவில்லை. ஒரே ஒரு தட்டை இன்குபேட்டரின் பின்வரிசையில் ஒளித்து வைத்து, பிள்ளைக்குப் பால் புகட்டுவதுபோல் பார்த்துக்கொண்டாள்.

போன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, பசிக்குது. சட்டியோட வழிச்சுத் தின்னுட்டேன், அடங்கல."

"உனக்கு என்னைக்குடா அடங்கிச்சு, தீனிப்பண்டாரம்?"

"வெளையாடாதக்கா. கண்ணாடியில பாத்தேன். கண்ணு மஞ்சளா இருக்கு."

அவள் தட்டிலிருந்த மஞ்சளைப் பார்த்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மஞ்சளை உறிஞ்சி எடுத்துச் சிவப்பை ஊற்றினாள்.

"ஆங்... இப்பப் பரவால்லக்கா," என்றான் அவன். இரை ஊற்றியதை அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

விடுமுறை நாள். ஆளில்லாத நடைபாதையில் குளிர்பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன, ஸ்பிரிட் நெடிக்கு அடியிலிருந்து பச்சை இறைச்சி வாடை ஒன்று மெல்லக் கிளம்பி அவள் மூக்கருகே வந்து நின்றது. தட்டின் மூடி தானாக ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. உள்ளே அடர்சிவப்பாக மண்டியிருந்த சதை அவள் விரலின் சூட்டை நோக்கி நகர்ந்தது.

திரவம் மறுபடி மஞ்சள்.

"அக்கா, வயிறு கல்லு மாதிரி வீங்குது. ஆனா பசிக்குதுக்கா. உயிர் போகுது."

பிளீச் பாட்டில் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஊற்றினால் அவன் செத்துப்போவான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரை ஊற்றினால் இன்னும் வளரும். ஊற்றாமலும் முடியாது.

ஊற்றினாள். மஞ்சள். ஊற்றினாள். மஞ்சள்.

கடைசிச் சொட்டும் தீர்ந்தது.

"அக்கா..." குரல் தேய்ந்தது. "சின்ன வயசுல நீதானே ஊட்டுவ..."

அழுதாள். கையுறையைக் கழற்றினாள். தட்டுக்குள் விரல்களை வைத்தாள்.

வலிக்கவில்லை. சூடு மட்டும்.

போனில் மெல்லும் சத்தம் கேட்டது.