கள்ளில்லாத தள்ளாட்டம்

விடியவே வீட்டில் பிரளயம் தொடங்கிவிட்டது. காயப்போட மீன்சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த மார்த்தாவின் முதுகுக்குப் பின்னால், பாண் விற்க வந்தவனின் ஓட்டோ 'பாம்ம்' என்று கத்தியது. அவ்வளவுதான்! மீன் ஒரு பக்கம், சட்டி ஒரு பக்கம், மார்த்தா ஒரு பக்கம்...

"ஐயோ மா... மாமி..." நாக்கும் குழறியது.

மாமி றெஜினம்மா ஓடிவந்தாள். தூக்கிவிட அல்ல, வாயை மணந்து பார்க்க!

"கள்ளு மணக்கேல்லையே... மணமில்லாத கள்ளும் இப்ப வந்திட்டுதோ?"

"மாதா சத்தியமா நான் தொட்டதில்லை மாமி..."

"உன்ர அப்பனும் இதைத்தானேடி சொன்னவன்! என்ர தம்பியெண்டு சொல்லவே வெக்கம். அகதி முகாமால வந்து கட்டின இந்த வீட்டை மந்திரிக்கப் பங்குச் சுவாமி வர, கொளுத்தின வெடிச் சத்தத்தோட சுவாமியையும் இழுத்துக்கொண்டு விழுந்தவனெல்லோ!"

அன்றைக்கு முறிந்ததுதான் அக்கா தம்பி உறவு. தம்பி மகளென்று மருமகளாக எடுத்தவளையும் தகப்பன் இருக்கும் கீரிக் கிராமத்துப் பக்கம் போக விடவில்லை. வீட்டில் சண்டை வேண்டாமென்று மார்த்தாவும் அப்பாவின் முகம் பாராமலே நாலு பெருநாளைக் கழித்துவிட்டாள். புருசன் ஸ்ரனிஸ் கடலால் மீனோடு வருவான், வாயோடு வரமாட்டான்.

"ஆஸ்பத்திரிக்கு நட! குடியெண்டு டொக்டர் ஒரு சொல்லுச் சொல்லட்டும், நீ நேர கீரிக்கு! பிள்ளை டினோஜா என்னோட!"

அந்தக் கடைசிச் சொல்லில்தான் மார்த்தாவின் நெஞ்சு உடைந்தது.

கிளினிக்குக்கு வந்த கொழும்பு நரம்பு டொக்டரம்மாவோ குடியென்றும் இல்லையென்றும் சொல்லாமல், இரத்தத்தை எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினா. மறுமொழி வரும்வரை மாதக்கணக்காக மருமகளின் மூச்சுக்குக் காவலிருந்த றெஜினம்மா, அது வந்த அன்று டொக்டருக்கு முன்னாலிருந்த கதிரையில் போய் இருந்துகொண்டாள்.

"நரம்பில சின்னச் சின்னக் கதவுகள் இருக்கு அம்மா," என்றா டொக்டர். "நரம்பு செய்தி அனுப்பி முடிய, அந்தக் கதவால பொட்டாசியம் வெளியில போகவேணும். அப்பதான் நரம்பு அடங்கும். அந்தக் கதவைச் செய்யிற பரம்பரை அலகில இவவுக்குப் பிழை. திடுக்கிட்டா நரம்பு அடங்காமல் துள்ளும். கால் தள்ளாடும், நாக்குக் குழறும், கொஞ்ச நேரத்தில தானா விட்டிடும். குடிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. தாய் தகப்பனுக்கு இப்பிடி வாறதோ?"

"அப்பாவுக்கு..." மார்த்தா விம்மினாள்.

"அப்ப அவற்ற சகோதரங்களுக்கும் இருக்கலாம்."

டொக்டரின் பார்வை றெஜினம்மாவின் விரல்களில் நின்றது. தோலுக்குக் கீழே புழு நெளிவதுபோல் ஓயாத துடிப்பு!

"எனக்கோ? சீ! எனக்கு வாறது பிறஷர்..."

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு தள்ளுவண்டி சுவரில் 'டமார்' என்று மோதியது. பதறி எழும்பிய றெஜினம்மாவின் ஒரு கால் மன்னாருக்கும் மற்றக் கால் மடுவுக்கும் போனது!

"டொ... டொக்டர்... நா... நான் குடிக்கேல்ல!"

விழாமல் தாங்கியது மார்த்தாதான். பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவளோ, "என்னைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ மாமி. பயப்பிடாதேங்கோ, இப்ப விட்டிடும்," என்றாள்.

றெஜினம்மாவின் கண் நிரம்பியது. "அடியே... அண்டைக்கு அவன் குடிக்கேல்லையோ? சனத்துக்கு முன்னால செருப்பைத் தூக்கினனேயடி..." மூக்கைச் சீறினாள். "ஓட்டோவைப் பிடி. கீரிக்கு!"

"ஐயோ மாமி, என்னை அனுப்பப் போறியளோ?"

"ரெண்டு பேரும்தான்டி போறம்! கெதியாத் திரும்பவேணும். டினோஜா பள்ளிக்கூடத்தால வந்து தாயைத் தேடும்."

கீரியில் மார்த்தாவின் அப்பா கிறகரி முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தம்பியைக் கண்ட பதற்றத்தில் றெஜினம்மாவின் கால்கள் மறுபடி பின்னின. மருமகளின் தோளில் தொங்கியபடி, "த... தம்பி..." என்று குழறிக்கொண்டு வந்த அக்காவைப் பார்த்துக் கிறகரி வாய் பிளந்தார்.

"ஐயோ அக்கா! நீயோ குடிக்கத் தொடங்கினாய்?"

"ஓமடா..." அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு றெஜினம்மா கதறினாள். "நீ குடிச்ச அதே கள்ளுத்தான்டா!"